கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவள்

அந்தப் படத்துக்கு ஏதோ அழகான பெயர் வைத்திருந்தார்கள். அது சுவரொட்டியோடு கிழிந்து போயிற்று. ஜனங்கள் வாயில் ‘கோட்டுப் படம்’ என்றே நின்றுவிட்டது. லாண்டரியில் வேலை பார்க்கும் ஒருவன், வெளுக்க வந்த கோட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு போய், ஒரு பணக்காரப் பெண்ணிடம் தானும் பணக்காரன் என்று அளக்கிறான். அவளோ வீட்டு வேலைக்காரியின் உடுப்பைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, தான் ஏழை என்று அவனிடம் அளக்கிறாள். பூங்காவில் இரண்டு பேரும் பாடி ஆடிக்கொண்டிருக்கும்போது, கோட்டின் சொந்தக்காரரான நீதிபதி பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, தன் கோட்டையே உற்றுப் பார்ப்பார். அந்த இடத்தில் தியேட்டரே குலுங்கிச் சிரிக்கும். படம் வந்த வருஷம் எந்தத் தெருவில் நடந்தாலும் யாராவது ஒருவர் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போவார். நாயகனாக நடித்தவருக்கு அன்றிலிருந்து ‘கோட்டுக்காரர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் படத்தில் ஒல்லியும் இருந்தாள். ஆனால் அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

ஸ்டூடியோவில் கூட்டத்தோடு ஆடும் பெண்களில் ஒருத்தியாகத்தான் சேர்ந்தாள். எந்த உடுப்பைக் கொடுத்தாலும் பின்பக்கம் மடித்து ஊசி குத்தினால்தான் உடம்பில் நிற்கும். தையல்காரர் சலித்துப்போய் ஒருநாள் ‘ஒல்லி’ என்று கூப்பிட, அதுவே பெயராகிவிட்டது. அப்பாவுக்கு அவள் ஆடப்போவது பிடிக்கவில்லை; ஆனாலும் வீட்டில் வாய்கள் அதிகம், வருமானம் ஒன்று. கண்டும் காணாமலும் இருந்துவிட்டார்.

படம் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நாயகனுக்கும் நாயகிக்கும் முட்டிக்கொண்டது. ஒத்திகையில் நாயகி, அத்தனை பேர் முன்னாலும், பாட்டுக்கு வாயசைக்கச் சொன்னால் இவர் ஆடு தழை மெல்கிற மாதிரி மெல்கிறார் என்று சொல்லிவிட்டாள். அவர் சும்மா இருந்திருக்கலாம். உங்கள் மூக்கு நடுவில் வந்து மறைப்பதால் என் வாயை யாரும் பார்க்கப் போவதில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அந்த மூக்கைப் பற்றி அந்த ஸ்டூடியோவில் மூச்சுக்கூட விடமாட்டார்கள். நாயகி அன்றைக்கே காரில் ஏறிப் போய்விட்டாள். மூன்றாம் மனிதர்கள் நடந்து நடந்து சமாதானம் பேசியும், இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. கடைசியில் முடிவானது இதுதான்: காலையில் அவள் வந்து தன் பங்கை நடித்துவிட்டுப் போவாள், மத்தியானம் அவர் வந்து தன் பங்கை நடிப்பார். இரண்டு பேரும் கேமராவின் ஒரே சட்டத்துக்குள் வந்தே ஆகவேண்டிய சில இடங்களில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நாட்டிலேயே பெரிய காதல் படம் என்று பேர் வாங்கியது அப்படி எடுத்த படம்தான்.

ஆனால் நடிக்கிறவனுக்கு எதிரில் யாராவது நிற்க வேண்டுமே. உயரம் சரியாக இருக்கிறது என்று இயக்குநர் ஒல்லியைக் கைகாட்டினார். நாயகியின் முதுகும் அதற்கு அந்தப்பக்கம் நாயகனின் முகமும் தெரிய வேண்டிய இடத்தில், நாயகியின் உடுப்பில் ஒல்லி நின்றாள். நாயகனின் முகம் மட்டும் தெரிய வேண்டிய இடத்தில், கேமராவுக்குப் பக்கத்தில் நின்று நாயகியின் வசனங்களைப் படித்தாள்.

“நீ நடிக்கவெல்லாம் வேணாம்மா,” என்றார் இயக்குநர். “அவர் கண்ணு போய் நிக்க ஒரு இடம் வேணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவளும் நினைத்துக்கொண்டுதான் போய் நின்றாள். முதல் நாள் வசனக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். இரண்டாம் நாள் காகிதம் தேவைப்படவில்லை. மூன்றாம் நாளிலிருந்து, மத்தியானம் எப்போது வரும் என்று காலையிலேயே மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. நாயகன் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார், கெஞ்சினார், பொய் சொல்லி மாட்டிக்கொண்டு விழித்தார். நடிப்புதான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வேலை முடிந்ததும் அவர் ஒருநாளாவது “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்காமல் போனதில்லை. ஒருமுறை விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, “இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து நில்லேன்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கேமரா இடிக்கும் என்று இயக்குநர் தடுத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் எத்தனை தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

மத்தியானம் வரும்போது ஸ்டூடியோ வாசலில் எதிர்ப்பட்டால் மட்டும் அவர் கண்டுகொள்ளாமல் போய்விடுவார். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று அவளே சமாதானம் செய்துகொண்டாள். அந்த பயம்கூட அவளுக்குப் பிடித்திருந்தது.

கடைசிக் காட்சிதான் படத்துக்கே உயிர். பொய்யெல்லாம் வெளுத்துப்போய், கோட்டுகளெல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய், அவன் பழைய சட்டையோடு அவள் முன்னால் வந்து நிற்பான். “இது என் சொந்தச் சட்டை. இதுக்குள்ள இருக்கறவனும் நான்தான். இதைத் தவிர எங்கிட்ட ஒண்ணும் இல்ல” என்பான். அவள் அந்தச் சட்டையை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, “ஒரு பொத்தான் அறுந்திருக்கே” என்பாள். அதற்கு அவன் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள். கண் மெல்ல இடுங்கி, ஈரம் கோத்து, சிரிப்பு வருவதா அழுகை வருவதா என்று தெரியாமல் நிற்கும் முகம்.

அந்தப் பொத்தான் வசனத்தைச் சொன்னது ஒல்லி. அந்தப் பார்வை வந்து நின்றது ஒல்லியின் மேல். பலமுறை எடுத்தும் சரியாக வராமல், சாயங்காலம் ஆகிவிட்ட நேரத்தில் அது வந்தது. போதும் என்று சொல்ல இயக்குநரே மறந்துவிட்டார். கேமரா நின்ற பிறகு நாயகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக வெளியே போய்விட்டார். ஒல்லி நின்ற இடத்திலேயே நின்றாள். விளக்கை அணைக்க வந்தவர், என்ன பொண்ணே வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டபோதுதான் கால் இருப்பதே அவளுக்கு நினைவு வந்தது.

அதே வாரம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா. குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதன். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நாற்காலி வாங்க வந்தவன் கால் நான்கும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பதுபோல, நிதானமாக, நல்ல எண்ணத்தோடு பார்த்தான். அவள் முடியாது என்றுவிட்டாள். அப்பா காரணம் கேட்டார். அம்மா அழுதாள். கல்யாணமாகிப் போயிருந்த அக்கா புருஷனோடு வந்து புத்தி சொன்னாள். ஒல்லியிடம் சொல்வதற்குக் காரணம் இருந்தது, சொன்னால் காறித்துப்புவார்கள்.

கோட்டுக்காரர் அடுத்த வருஷம் படத் தயாரிப்பாளரின் அண்ணன் மகளைக் கட்டிக்கொண்டார். பத்திரிகையில் படம் வந்தது. ஒல்லி அழவில்லை. எப்படியும் அது நடக்கும் என்று அவளுக்குள் ஒருத்தி முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் அது பொய். அவள் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு யார் பார்த்தாலும் அந்தப் பார்வையோடு வைத்து அளந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது, அதுதான் வினை. எல்லாப் பார்வையும் ஒரு சாண் குறைந்தது.

ஆட்டத்தை விட்டுவிட்டு டெலிபோன் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். குரல் தெளிவாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யார் யாரையோ யார் யாரோடோ சேர்த்துவைப்பதிலேயே காலம் ஓடியது. அங்கே மேற்பார்வையாளர் ஒருவர், மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர், ஒருநாள் சுற்றி வளைக்காமல், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளிடம் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நிஜமாகவே யோசித்தாள். அவர் கண்களில் பிழை ஒன்றும் இல்லை. யோசித்து முடிப்பதற்குள் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது வந்து விடைபெற்றுக்கொண்டார். இன்னும் ஒருமுறை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பா போனார், அம்மா போனாள், அக்கா போனாள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாடியறை. கட்டில், அடுப்பு, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் போன் செய்வாள். “அத்தை, மருந்து சாப்பிடறீங்களா, வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களா” என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் குழந்தை எதையாவது கவிழ்த்துவிடும். கீழே வீட்டுக்காரம்மா. மூட்டுவலியால் மாடிப்படி ஏற மாட்டாள். கீழிருந்தே குரல் கொடுப்பாள். தண்ணீர் வருகிறது, தண்ணீர் நின்றுவிட்டது, இரண்டே செய்திதான். ஒல்லி இங்கிருந்தே பதில் கொடுப்பாள். சில நாட்களில் அந்தப் பதில் ஒன்றுதான் அவள் வாயிலிருந்து வந்த பேச்சாக இருக்கும்.

தெருமுனைத் தியேட்டரில் கோட்டுப் படத்தைப் புதுப்பித்துப் போடப்போகிறார்கள், முதல் காட்சிக்குக் கோட்டுக்காரரே வருகிறார் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். ஒல்லி அதன் முன்னால் நின்று இரண்டு தடவை படித்தாள். நாயகி காலமாகி எவ்வளவோ வருஷமாயிற்று. இயக்குநர் அதற்கும் முன்பே போய்விட்டார். இவர் இன்னும் இருக்கிறார் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. போவதா வேண்டாமா என்று ஒரு வாரம் தன்னோடு தானே சண்டை போட்டாள். போய் என்ன ஆகப்போகிறது? போகாமல்தான் என்ன ஆகப்போகிறது? கடைசியில் பெட்டியைத் திறந்து, இருப்பதில் நல்ல புடவை ஒன்றை எடுத்து மடிப்புக் கலைய வெளியில் தொங்கவிட்டாள்.

பகல் காட்சி. கூட்டத்தில் இடிபட வேண்டாமே என்று சீக்கிரமே போய்விட்டாள். நுழைவுக்கூடத்தில் ஒருவன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுவரோரம் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் ஒரு கிழவர் மட்டும் கையைக் கைத்தடி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தடித்த கண்ணாடி. தலையில் ஒரு முடி இல்லை. தாடையைப் பார்த்ததும் அவர்தான் என்று ஒல்லிக்குத் தெரிந்துவிட்டது.

அவளையும் தன்னைப்போல வயசானவள் என்று பார்த்து அவரே பேச்சுக் கொடுத்தார். மகள் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருக்கிறாளாம். தன்னை இங்கே ஒரு மூட்டையை இறக்குவதுபோல இறக்கிவிட்டுப் போய்விட்டாளாம். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். ஒல்லி உட்கார்ந்தாள். படம் பார்க்க வந்தீர்களா, முன்னே பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்றாள். அந்தக் கோட்டுக்காரன் நான்தான் என்று சிரித்தார்.

“எல்லாரும் அந்தக் கடைசிப் பார்வையப் பத்திக் கேப்பாங்க,” என்றார் அவர். பலமுறை சொல்லிப் பழகிய கதை என்பது குரலிலேயே தெரிந்தது. “அது என்ன ரகசியம் தெரியுமா? எனக்குக் கண்ணு தெரியாது.”

ஒல்லி அவர் பக்கம் திரும்பினாள்.

“சின்ன வயசுலேர்ந்தே கிட்டப்பார்வை. கையை நீட்டினா விரல் தெரியும், அதுக்கு அந்தப்பக்கம் எல்லாம் புகை. கண்ணாடி போட்டா உன்னைக் காமெடிக்குத்தான் போடுவேன்னு சொல்லிடுவாங்க. அதனால ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எதிர்ல ஒரு பொண்ண நிக்க வெப்பாங்க. எனக்கு வெள்ளையா ஒரு திட்டுத்தான் தெரியும். கிட்ட வந்து நில்லும்மான்னுகூடச் சொல்லிப் பார்த்தேன், நடக்கல. அந்தக் கடைசிக் காட்சில அழுகையே வரமாட்டேங்குது. என்ன பண்றது? அந்தத் திட்டுக்குப் பக்கத்துல பெரிய விளக்கு ஒண்ணு எரிஞ்சுது. அதையே விடாம பார்த்தேன். கண்ணு கூசித் தண்ணி வந்துடுச்சு.” அவர் சிரித்தார். “ஊரே அதைக் காதல்னு சொல்லுது. விளக்கு வாங்கிக் கொடுத்தவனுக்குத்தான் அந்தப் பேரு போகணும்.”

தரை துடைக்கிறவன் வாளியை நகர்த்திய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஒல்லிக்கு முதலில் வந்தது கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. யாரோ வேறு யாரையோ கூப்பிட, தன்னைத்தான் என்று நினைத்து இத்தனை காலமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாற்போல ஒரு வெட்கம். வாசலில் அவர் கண்டுகொள்ளாமல் போன மத்தியானங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் பயப்படவே இல்லை. அவள் அங்கே நின்றதே அவருக்குத் தெரியாது. மின்சார அலுவலகக் குமாஸ்தாவாவது அவளை நன்றாகப் பார்த்தான்.

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள்.

அவர் தன்போக்கில் பேசிக்கொண்டே இருந்தார். மனைவி போய்விட்டாள். மகள் நல்லவள், ஆனால் அவளுக்கு ஆயிரம் வேலை. ராத்திரி தூக்கம் வருவதில்லை. பழைய ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பாராம். யாரை நினைத்தாலும் அந்த ஆள் இல்லை. “அந்தப் படத்துல இருந்தவங்கள்ல நான் ஒருத்தன்தான் பாக்கி,” என்றார். “சந்தேகம்னா கேட்டுத் தெரிஞ்சுக்கக்கூட ஆளு இல்ல. இயக்குநர் வாயில எப்பவும் ஏதோ மென்னுக்கிட்டே இருப்பாரு, அது என்னன்னு ஒரு வாரமா மண்டையக் குடையுது.”

“பென்சில்,” என்றாள் ஒல்லி.

அவர் திரும்பினார்.

“நீலப் பென்சில். முனையைக் கடிப்பாரு. சாயங்காலம் உதடெல்லாம் நீலமா இருக்கும்.” பிறகு அதையும் சொன்னாள். “நான் அங்க இருந்தேங்க. உங்க எதிர்ல நின்னு வசனம் படிச்சது நான்தான்.”

தடித்த கண்ணாடிக்குள் சிறிதாகத் தெரிந்த கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. அவர் பார்த்தே இராத முகம். ஆனால் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்படியா, அப்படியா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள். லாண்டரி அரங்கில் கஞ்சித் தொட்டிக்குள் ஒளிப்பதிவாளரின் தொப்பி விழுந்ததும், அது காய்ந்து தகரம் மாதிரி ஆனதும், அவர் அதையே போட்டுக்கொண்டு திரிந்ததும். நீதிபதியாக நடித்தவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே நிஜமாகத் தூங்கிவிட்டது. தையல்காரர் நாயகியின் மூக்கைப் பற்றிக் கட்டிய பாட்டு. அவர் மறந்ததை அவள் சொன்னாள், அவள் பார்க்காததை அவர் சொன்னார். டெலிபோன் நிலையத்தை விட்ட பிறகு அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே இல்லை. விளக்கைப் பற்றியோ, பார்வையைப் பற்றியோ அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சுமையை இந்த வயசில் அவர் தலையில் ஏற்றி என்ன ஆகப்போகிறது?

மகள் வேகமாக வந்தாள். நேரமாகிவிட்டது, மேலாளர் தேடுகிறார் என்று அப்பாவின் கைத்தடியை எடுத்துக் கொடுத்து, முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். அவர் ஒல்லியைக் காட்டி, “இவங்க யாருன்னு தெரியுமா?” என்று தொடங்கினார். அப்புறம் சொல்லுங்கப்பா என்றாள் மகள், ஒல்லியைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தபடி. இரண்டு பேரும் கதவுக்கு அந்தப்பக்கம் போனார்கள்.

அரங்கம் நிறைந்துவிட்டது. ஒல்லி நடு வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் அவருக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள், ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். அவர் விளக்குக் கதையைச் சொன்னார். கூடத்தில் சொன்ன அதே சொற்கள், அதே இடத்தில் நிறுத்தம், அதே சிரிப்பு. ஜனங்களும் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்தப் படத்துல இருந்தவங்கள்ல நான் ஒருத்தன்தான் பாக்கி” என்றார்.

ஒல்லி மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டாள். வேண்டுமென்று சொல்லவில்லை அவர். எத்தனையோ மேடையில் சொல்லிச் சொல்லி நாக்கு தானாக ஓடுகிறது. நடுவில் கிடைத்த ஒரு புது ஆளை அந்த வரிக்குள் நுழைக்க அந்த வயசில் முடியவில்லை. அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் வலி குறையவில்லை. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அவளும் எழுந்து தட்டினாள்.

படம் ஓடத் தொடங்கியது. அவர் உட்கார்ந்து பார்க்கவில்லை. மகள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். புதுப்பித்த படம் பளிச்சென்று இருந்தது. முன்பெல்லாம் ஒல்லி அந்தக் கடைசிப் பார்வைக்காகவே காத்திருந்து, நடுவில் ஓடுவதை எல்லாம் கோட்டை விட்டிருக்கிறாள். இன்றைக்குக் காத்திருக்க ஒன்றும் இல்லை. அதனால் சும்மா திரையைப் பார்த்தாள். பூங்காப் பாட்டில், அவர் தோளுக்கு இந்தப்பக்கம், ஒரு பெண்ணின் முதுகு வந்தது. மெலிந்த, நேரான முதுகு. மடித்து ஊசி குத்திய சட்டை. ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கலாக. அவர் பாட, அந்த முதுகு ஒவ்வொரு வரிக்கும் மெல்ல அசைந்தது. காது மடல்கூடக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைப் போய் எப்படி இத்தனை நாள் பார்க்காமல் விட்டோம் என்றிருந்தது அவளுக்கு. பாவம், சின்னப் பெண். யாரோ பெற்ற மகளைப் பார்ப்பதுபோல அவள் அந்த முதுகைப் பார்த்தாள்.

கடைசிப் பார்வை வந்தபோது தியேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒல்லிக்கு விளக்கைப் பார்த்துக் கண் கூசும் ஒரு மனிதர் தெரிந்தார். பக்கத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது கீழிருந்து குரல் வந்தது. தண்ணீர் விஷயமாக இருக்கும் என்று நினைத்தாள். “தியேட்டருக்குப் போனீங்களாமே? கோட்டுப் படமா?” என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா. அத்தனை வருஷத்தில் அது ஒரு புதுச் செய்தி. ஒல்லி படியிறங்கிப் போனாள். உள்ளே வீட்டுக்காரர் முகத்துக்கு முன்னால் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரம்மா வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் அந்தப் படத்துக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டாளாம். இவர் அப்புறம் பார்க்கலாம் என்றாராம். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

“அந்தப் பார்வை அப்படி இருக்குமாமே,” என்றாள். குரலைக் குறைத்துக்கொண்டாள். “நம்மள யாராவது அப்படிப் பார்த்திருக்காங்களா, சொல்லுங்க?”

ஒல்லி சுவரில் சாய்ந்தபடி யோசித்தாள். நேற்று கேட்டிருந்தால் பதில் சொல்லாமல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள்.

“இல்லம்மா,” என்றாள். “என்னை யாரும் பார்க்கல.”

“எனக்கும் அதே கதைதான். அவரு செய்தித்தாளைத்தான் அப்படிப் பார்ப்பாரு.” வீட்டுக்காரம்மா தைலக் குப்பியை மூடினாள். நாளைக்கும் அந்தப் படம் உண்டா என்று கேட்டாள். வாரம் முழுக்க உண்டு என்றாள் ஒல்லி.

மறுநாள் பகல் காட்சிக்கு இரண்டு பேரும் போனார்கள். அந்தத் தெருவின் நீளத்துக்கு நாலு இடத்தில் நின்று, மூட்டுவலியைத் திட்டி, மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தார்கள். கூட்டம் அதிகமில்லை. பூங்காப் பாட்டு வந்ததும் ஒல்லி குனிந்து, அந்த முதுகு என்னுடையது என்று சொன்னாள். வெளியில் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரம்மா நம்பவில்லை. திரையைப் பார்த்தாள், ஒல்லியின் தோளைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

“ஆமா, தோள் கோணலாத்தான் இருக்கு,” என்று சத்தமாகவே சொன்னாள். முன் வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார். பிறகு அவள் குறும்பாக ஒல்லியின் தோளில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். நீதிபதி பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, மூட்டு வலியையும் மறந்து காலைத் தரையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் நடந்து வந்த களைப்பு. இடைவேளைக்குப் பிறகு அவள் தலை தொங்க ஆரம்பித்தது. மெல்ல மெல்லச் சாய்ந்து, கடைசிக் காட்சி தொடங்குவதற்குள் ஒல்லியின் தோளில் வந்து படிந்துவிட்டது. எழுப்பட்டுமா என்று ஒல்லி ஒரு கணம் யோசித்தாள். இதைப் பார்க்கத்தானே வந்தாள் இவள். தலை கனமாக, சூடாக இருந்தது. தைல வாசனை வந்தது. ஒல்லி அசையாமல் உட்கார்ந்துகொண்டாள். திரையில் அவர் பழைய சட்டையோடு வந்து நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லி, பார்க்க வேண்டியதைப் பார்த்தார். படம் முடிந்தது. ஆட்கள் எழுந்து போனார்கள். விளக்குகள் எரிந்து, இருக்கைகளுக்கு நடுவில் துடைப்பத்தோடு ஒருவன் வந்து, போகச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் அடுத்த வரிசைக்குப் போனான்.

வீட்டுக்காரம்மா கண் விழித்தாள். வெறும் திரையைப் பார்த்தாள்.

“முடிஞ்சுடுச்சா? கடைசில ரெண்டு பேரும் சேர்ந்தாங்களா?”

“சேர்ந்தாங்க,” என்றாள் ஒல்லி. மரத்துப்போன தோளைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, அவளுக்குக் கை கொடுத்தாள்.